பிடிமண்

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் திருச்சியில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. ஒரு டீ குடித்துவிட்டுப் புதுக்கோட்டைப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தேன். கீரனூரைத் தாண்டும்போது வெளிச்சம் வந்தது. சாலையின் இருபுறமும் தைலமரங்கள், அவற்றுக்குப் பின்னால் நார்த்தாமலைப் பக்கத்து மொட்டைப் பாறைகள். மண் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் செங்கல் பொடி போலச் சிவப்பு, கொஞ்சம் தள்ளி வெளிறிய மஞ்சள், குளக்கரைகளில் சாம்பல் பூத்த கறுப்பு. இந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். மண்ணின் நிறத்தைக் கவனித்ததில்லை. அன்று கவனித்ததற்குக் காரணம், முதல்நாள் தோழி தொலைபேசியில் சொன்னதுதான். "வர்ற வழியில நல்ல மஞ்சள் மண்ணு கண்ணுல பட்டா ஒரு கைப்பிடி அள்ளிட்டு வா. மாஸ்டர் கேட்டாரு."

தோழியும் நானும் திருச்சியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவளும் கணவரும் வேலையை விட்டுவிட்டு, திருமயம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிற்றூரில் அவருடைய பூர்வீக வீட்டுக்கு வந்து விவசாயம் பார்க்கிறார்கள். மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றவள். ஒன்பது வயதுப் பையனும் ஆறு வயதுச் சின்னவளும் பள்ளிக்கூடம் போனதே இல்லை. மூவருக்கும் வீட்டில்தான் படிப்பு. இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குள் நிறையக் கேள்விகள் இருந்தன. அப்பா அம்மாவைத் தவிர வேறு ஆசிரியரைக் காணாத பிள்ளை எப்படி வளரும் என்பது அவற்றில் பெரிய கேள்வி. அதற்கு விடை தெரிந்துகொள்ளவே இந்தப் பயணம்.

ஊர் விலக்கில் இறங்கி நடந்தபோது, வாய்க்காலுக்காக வெட்டிய கரையில் மஞ்சள் மண் தெரிந்தது. கைக்குட்டையில் ஒரு பிடி முடிந்துகொண்டேன்.

வீட்டை அடைந்தபோது மாஸ்டர் எனக்கு முன்பே வந்திருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிணற்றடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் இறங்கிக் களிமண் மிதித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஏழு பிள்ளைகள். மூன்று பேர் இந்த வீட்டுப் பிள்ளைகள். மற்ற நால்வர், பக்கத்து ஊர்களில் வீட்டிலேயே படிக்கும் இன்னும் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

அவர் தோழியின் அப்பாவுக்கு இளவயது நண்பர். புதுக்கோட்டை வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் முப்பது வருடங்களுக்கு மேல் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் 'டிராயிங் மாஸ்டர்'. தோழிக்கு மாமா. பிள்ளைகளுக்கு மாஸ்டர் தாத்தா. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் காலை முதல் டவுன் பஸ்ஸில் வந்துவிடுவார். இதற்குச் சம்பளம் எதுவும் கிடையாது. மதியச் சாப்பாடு இங்கே. திரும்பும்போது தோட்டத்தில் காய்த்ததில் ஒரு பை. தோழியின் அப்பா உயிரோடு இருந்தபோது ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்த பழக்கம், இப்போது பேரப்பிள்ளைகளிடம் இப்படித் தொடர்கிறது.

"வாங்கம்மா. மண்ணு கெடச்சுச்சா?" என்று கேட்டுக் கைக்குட்டையை வாங்கினார். ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். "மணல் கம்மியா இருக்கு. நல்லது. இது நாளைக்கு" என்று சொல்லித் திண்ணையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொட்டிவைத்தார்.

களிமண்ணை அவர் கடையில் வாங்குவதில்லை. கோடையில் குளம் வற்றியபோது பிள்ளைகளே வெட்டி எடுத்து வந்த கட்டிகள் அவை. காயவைத்து, உடைத்து, ஊறவைத்து, கரைத்துப் பழைய வேட்டியில் வடிகட்டியிருக்கிறார்கள். கல்லும் வேரும் துணியில் தங்கிவிட, வெண்ணெய் போன்ற மண் அடியில் படியும். அதில் சலித்த மணலைச் சேர்த்து மிதிக்க வேண்டும். எவ்வளவு மணல் என்று பெரியவள் கேட்டாள். மாஸ்டர் அளவு சொல்லவில்லை. "விரல் தடிமனுக்கு ஒரு திரி உருட்டு ஆத்தா. அதை உன் விரல்ல மோதிரம் மாதிரி சுத்து" என்றார். சுற்றினாள். வெளிப்பக்கம் லேசாக வெடிப்பு விட்டது. "மணல் கூடிப்போச்சு" என்று அவளே சொன்னாள். இன்னும் கொஞ்சம் களி சேர்த்து மிதித்துத் திரும்பவும் சுற்றியபோது, திரி வெடிக்காமல் வளைந்தது. அந்த அளவை அவள் இனி எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டியதில்லை.

அன்றைய வேலை குதிரை. உள்ளங்கையில் ஓர் உருண்டையை வைத்துக் கட்டைவிரலால் குழித்து இரண்டு கிண்ணம் செய்ய வேண்டும். இரண்டையும் வாயோடு வாய் சேர்த்தால் உள்ளே கூடான உடம்பு கிடைக்கும். ஒட்டும் இடங்களைக் குச்சியால் கீறி, கூழ் பதத்தில் கரைத்த மண்ணைப் பூசி அழுத்த வேண்டும். கீறாமல் ஒட்டினால் காயும்போது கழன்றுவிடும். வயிற்றில் ஓர் ஊசித் துளை போடவும் சொன்னார். "உள்ள அடைபட்ட காத்துக்கும் ஈரத்துக்கும் சூடு ஏறுனா வெளிய போக வழி வேணும். வழி இல்லேன்னா குதிரை வெடிச்சிரும்" என்றார். வெப்பத்தில் காற்று விரிவதைப் பற்றிய பாடம் அந்த ஊசித் துளையோடு முடிந்தது.

பையன் மற்றவர்களைவிட வேகமாகச் செய்தான். அவனுடைய குதிரை உண்மையான குதிரையைப் போலவே இருந்தது. மெல்லிய கால்கள், முட்டியில் மடிப்பு, பாயும் தோரணை. எல்லாரும் கூடிநின்று பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னங்கால்கள் மடங்கி, உடம்பு முன்பக்கமாகச் சாய்ந்து தரையில் அமுங்கியது. அவன் உதடு துடித்தது. அவன் அம்மா சமையலறை வாசலில் இருந்து ஓரடி எடுத்துவைத்தாள். மாஸ்டர் அவளைக் கையமர்த்தினார். குதிரையைத் தூக்கி நிறுத்தவும் இல்லை, தேற்றவும் இல்லை. பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "ஏன் தம்பி விழுந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. "சரி, சாயந்திரம் பெரிய குதிரைங்களப் போய்ப் பாப்போம். அதுங்க ஏன் விழலேன்னு பாத்துச் சொல்லு" என்று எழுந்துகொண்டார்.

சாப்பிட்டபின் திண்ணையில் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பள்ளியில் இதையெல்லாம் செய்ய முடிந்ததா என்று கேட்டேன். "வாரத்துக்கு ஒரு பீரியட். ஒரு வகுப்புல அம்பது அறுபது பிள்ளைங்க. பரீட்சை நெருங்குச்சுன்னா அந்த ஒரு பீரியடும் வேற பாடத்துக்குப் போயிரும். கரும்பலகையில மாம்பழம் போடுவேன், பிள்ளைங்க பாத்துப் போடும். ஒரு பிள்ளை கையிலயும் மாம்பழத்தக் குடுத்து மோந்து பாக்கச் சொன்னதில்ல" என்றார். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஓய்வு பெற்றபின் இந்த வேலையை எடுத்துக்கொண்டதன் காரணம் எனக்கு அந்த மௌனத்தில் புரிந்தது.

அவர் செய்வது நம் நாட்டுக்குப் புதியதும் இல்லை. 1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் அடிப்படையே, கைவேலையின் வழியாக மற்றப் பாடங்களுக்குப் போக வேண்டும் என்பதுதான். சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத் 1944-இல் சேவாகிராமத்துக்கு ஓவிய ஆசிரியராக வந்து, கிராமத்துப் பிள்ளைகளோடு மண்ணிலும் வண்ணத்திலும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார். அவர்கள் பெரிய அளவில் நினைத்ததை மாஸ்டர் ஒரு கிணற்றடியில், ஏழு பிள்ளைகளுக்குச் செய்கிறார்.

வெயில் தாழ்ந்ததும் நமணசமுத்திரம் பக்கத்து அய்யனார் கோயிலுக்குப் போனோம். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் போகக் கூடாது. மரங்களுக்கிடையே கோயிலுக்குப் போகும் பாதையின் இரு ஓரங்களிலும் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. புதியவற்றுக்குப் பின்னால் பழையவை. பழையவற்றுக்குப் பின்னால் காதும் வாலும் உதிர்ந்தவை. அவற்றுக்கும் பின்னால், குதிரை என்று சொல்ல முடியாத ஓட்டுக் குவியல்கள். நேர்ந்துகொண்டவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து நிறுத்தியவை அவை.

பையன் ஓடிப்போய் முதல் குதிரையின் காலைக் கட்டிப்பிடித்தான். இரண்டு கைகளும் சுற்றிச் சேர்ந்தபின் மிச்சம் அதிகமில்லை. நிமிர்ந்து பார்த்தான். அடுத்த குதிரைக்குப் போனான். ஐந்தாறு குதிரைகளைக் கட்டிப்பிடித்துவிட்டுத் திரும்பிவந்து சொன்னான்: "தாத்தா, எதுக்குமே முட்டி இல்ல. காலெல்லாம் தூண் மாதிரி நேரா இருக்கு. ஒண்ணுகூட ஓடல, எல்லாம் நிக்குது."

"ஏன்?"

"ஈர மண்ணு ஓடாது தாத்தா."

மாஸ்டர் அவன் தலையில் கைவைத்தார். அன்று முழுக்க அவர் யாரையும் பாராட்டி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

குதிரைகளைச் செய்பவர்கள் வேளார்கள். அய்யனாருக்குக் குதிரை எடுக்கும் திருவிழாவான புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும், ஊர்ப் பெரியவர்கள் ஊர் மண்ணில் ஒரு பிடி அள்ளி வேளாரிடம் கொடுப்பார்கள். அதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். வேளார் அந்தப் பிடியைத் தன் களிமண்ணோடு கலந்து பிசைந்து குதிரை செய்து, சூளையில் சுடுவார். திருவிழா அன்று ஊரே சேர்ந்து அதைச் சுமந்துவந்து அய்யனார் முன்னால் இறக்கும். செய்தது வேளார்தான் என்றாலும், அந்த ஒரு பிடியால் குதிரை ஊருடையதாகிவிடுகிறது. மாஸ்டர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சின்னவள் கீழே கிடந்த ஓட்டுத் துண்டு ஒன்றை உரசிப் பார்த்து, "இது ஏன் தண்ணியில கரையல?" என்று கேட்டாள். பச்சைக் களிமண் மழையில் கரையும். சூளையின் சூடு ஏறினால் அதன் தன்மையே மாறிவிடும், பிறகு தண்ணீர் ஊற்றினாலும் பழையபடி சேறாகாது என்று பெரியவள் தங்கைக்குச் சொன்னாள். பிள்ளைகளின் குதிரைகள் நிழலில் ஒரு வாரம் காய்ந்தபின், மாஸ்டருக்குத் தெரிந்த ஒரு வேளாரின் சூளைக்குத்தான் போகும்.

இரவு தோழி என்னோடு முற்றத்தில் படுத்திருந்தாள். எனக்கிருந்த கேள்வியைக் கேட்டேன். அவள் மறைக்காமல் பேசினாள். "முதல் ரெண்டு வருசம் ரொம்பக் கஷ்டப்பட்டேன். எல்லாத்தையும் நான்தான் சொல்லிக்கொடுக்கணும்னு நெனச்சேன். காலையில அம்மா, பத்து மணிக்கு டீச்சர், மத்தியானம் திரும்பவும் அம்மா. பெரியவ ஒரு நாள் 'நீ எப்ப அம்மாவா மட்டும் இருப்ப'ன்னு கேட்டுட்டா. அந்த வாரம் எதேச்சையா மாமா வந்தாரு. திண்ணையில உக்காந்து ஓலையில ஒரு கிளி முடைஞ்சாரு. பிள்ளைங்க மூணும் அவரை விட்டு நகரல. அன்னைக்குத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு."

படிப்பின் சான்று பற்றியும் சொன்னாள். 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பெரியவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகிறாள். பதினான்கு வயது நிரம்பியவர்கள் அதில் சேரலாம். விருப்பப் பாடங்களில் ஓவியமும் உண்டு. அவள் அதை எடுக்கப்போகிறாள். "பாஸ் பண்றதுக்காக இல்ல. அவளுக்கு அதுல சொல்றதுக்கு ஏதோ இருக்கு" என்றாள் தோழி.

ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டரோடு சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டத்துக்கு ஏறினோம். அங்கே இயற்கைக் குகைத்தளத்தில் சமண முனிவர்கள் படுத்த 17 வழவழப்பான கற்படுக்கைகள் இருக்கின்றன. ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து. பிறகு இறங்கி அறிவர் கோயிலுக்கு வந்தோம். சின்னக் குடைவரை. உள்ளே நுழைந்ததும் மாஸ்டர் பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். எதையும் விளக்கவில்லை.

விதானத்தில் ஒரு தாமரைக் குளம். 1,100 ஆண்டுகளுக்கும் முன்னால் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியது. பல இடங்களில் உதிர்ந்துபோயிருக்கிறது. ஆனாலும் கண் பழகப் பழகக் குளம் நிரம்புகிறது. முதலில் தாமரை இலைகள், பிறகு இலைகளுக்கு இடையில் மீன், பறவைகள், யானை, எருமை. பிறகு, குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கும் மனிதர்கள். சின்னவள் விரல் நீட்டி மீன்களை எண்ணிக்கொண்டிருந்தாள். தூண்களில் மங்கிப்போன நடன மகளிர். அவர்களில் ஒருத்தியின் கை வளைவைப் பெரியவள் காற்றில் விரலால் வரைந்து பார்த்தாள். இங்கே கல்வெட்டும் இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், இந்தக் கோயிலைப் புதுப்பித்தவர் இளங்கௌதமன் என்று அது சொல்கிறது. அவருக்கு அதில் உள்ள அடைமொழி, மதுரை ஆசிரியன். அதைக் கேட்டதும் பிள்ளைகள் எல்லாரும் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தக் கலர எந்தக் கடையில வாங்கினாங்க தாத்தா?" என்றான் பையன்.

"வீட்டுக்குப் போய் அந்தக் கடையத் திறப்போம்" என்றார்.

வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண். அந்தக் குளத்தின் வண்ணங்களில் பெரும்பாலானவை நம் காலடியில் கிடப்பவை. வீடு திரும்பியதும் மாஸ்டர் என்னுடைய சிரட்டையை எடுத்தார். நான் கொண்டுவந்த மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே கலங்கி நின்ற தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு இறுத்தார்கள். அது தெளிந்தபின் அடியில் மஞ்சள் வண்டல். அதைத் தட்டில் பரப்பி வெயிலில் வைத்தார்கள். காய்ந்ததும் பாதியை எடுத்து ஒரு பழைய வாணலியில் போட்டு விறகடுப்பில் ஏற்றினார். "எல்லாரும் பாத்துக்கிட்டே இருங்க. கண்ணை எடுக்காதீங்க."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விளிம்பில் மஞ்சள் கொஞ்சம் கருத்தது. கரண்டியால் கிளறக் கிளற ஆரஞ்சாகி, செங்கல் நிறமாகி, கடைசியில் வாணலி முழுக்கச் சிவந்துவிட்டது. யாரும் எந்த நிறத்தையும் சேர்க்கவில்லை. மஞ்சள் மண்ணில் இருக்கும் இரும்பு தண்ணீரோடு பிணைந்திருக்கிறது. சூட்டில் அந்தத் தண்ணீர் போய்விட்டால் அதே இரும்பு சிவப்பாகத் தெரியும் என்று மாஸ்டர் சொன்னார். "குதிரை சுட்டா சிவக்குதே, அதுக்கும் இதுதானா?" என்று பெரியவள் கேட்டாள். "கிட்டத்தட்ட அதேதான் ஆத்தா. ரெண்டுலயும் இரும்புதான் வேலை செய்யுது" என்றார். முந்தைய நாள் அய்யனார் கோயிலில் பார்த்தது, காலையில் சித்தன்னவாசலில் பார்த்தது, இப்போது அடுப்பில் பார்ப்பது மூன்றையும் அவள் தானாகவே ஒன்றாகக் கோத்துவிட்டாள்.

முதல்நாள் இரவே ஊறப்போட்டிருந்த கருவேலம்பிசினைக் கலந்து மண்ணைக் குழைத்தார்கள். தூரிகைக்கு வேப்பங்குச்சி, நுனியைக் கடித்து நைத்தால் நார் பிரிந்து மயிர்க்கற்றை போல ஆகும். சின்னவள் கசப்பில் முகம் சுளித்துக்கொண்டே கடித்தாள். வெள்ளையடித்த புறச்சுவர் முழுக்க அன்று மாலைக்குள் ஒரு குளம் வந்தது. யார் எதை வரைய வேண்டும் என்று மாஸ்டர் சொல்லவில்லை. தாமரையை ஒருவரும் விடவில்லை. அதற்கு நடுவே இந்த ஊர்க் குளத்தின் மடையும், தோழியின் கணவர் ஓட்டும் டிராக்டரும் வந்துவிட்டன. ஓரத்தில் பையன் ஒரு சிவப்புக் குதிரையை நிறுத்தியிருந்தான். அதன் நான்கு கால்களும் தடித்த தூண்கள்.

கிளம்பும்போது பெரியவள் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தாள். வறுத்துச் சிவந்த மண், ஒரு பிடி. "அத்தை, இது நீங்க கொண்டுவந்ததுதான்" என்றாள்.

இரவு ரயிலில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு என் கேள்வியைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அப்பா அம்மாவை மட்டுமே கண்டு வளரும் பிள்ளை எப்படி வளரும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். இந்தப் பிள்ளைகள் அப்படி வளரவில்லை. வாரம் தவறினாலும் மாதம் தவறாமல், கேட்காமலே வந்து திண்ணையில் உட்காரும் ஒரு மனிதர் அவர்களுக்கு இருக்கிறார். பெற்றவர்களுக்குப் பிள்ளை தோற்கும்போது பதறுகிறது. அவர் பதறுவதில்லை, அதனால் பிள்ளையால் தோல்வியை உட்கார்ந்து பார்க்க முடிகிறது. எல்லாரும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா வீட்டுக்கும் அது முடியாது, எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தாது. ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் இப்படி ஒருவர் வேண்டும். முன்பு நம் தெருக்களில் இருந்தார்கள். திண்ணைகள் போனதோடு அவர்களும் போய்விட்டார்கள்.

உங்களுக்குக் கூடை முடையத் தெரியலாம். தையல் தெரியலாம். சிக்குக் கோலத்தின் புள்ளிக் கணக்கு தெரியலாம். மரம் இழைக்க, கிளி முடைய, பூத்தொடுக்கத் தெரியலாம். அதை வைத்துக்கொண்டு நண்பர் வீட்டுப் பிள்ளைகளிடம் மாதத்தில் ஒரு நாள் போய் உட்காருங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். புரவி எடுப்புக்கு ஊர் கொடுப்பது ஒரு பிடி மண்தான். குதிரை முழுதாக எழுந்து நிற்க அது போதும்.